பழைய ஃபிளாட் கட்டடத்தைச் சோதித்துப் பழுது பார்ப்பது எப்படி? சென்னையில் புதிதாக அசோசியேஷன் பொறுப்பேற்பவர்களுக்கு

நங்கநல்லூரில் எங்கள் கட்டடம் 1991-ல் கட்டியது. கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி, மொத்தம் 12 வீடு. மூன்று வருஷம் முன்பு ஐப்பசி மழையில், விடியற்காலை ஐந்து மணிக்கு, இரண்டாம் மாடி சன்ஷேடின் ஓரம் ஒரு முழ நீளத்துக்கு உடைந்து கீழே விழுந்தது. பேப்பர் போடும் பையன் தினமும் சைக்கிளை நிறுத்தும் இடம் அது. அன்றைக்கு மழையால் அவன் பத்து நிமிஷம் தாமதமாக வந்தான். அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அதற்கு முந்தைய வருஷம்தான் 2,80,000 ரூபாய் செலவழித்து, விரிசல்களுக்குப் பட்டி பார்த்து, வெளிச்சுவர் முழுக்க வர்ணம் அடித்திருந்தோம். உடைந்த சன்ஷேடும் அந்த வர்ணத்துக்குள்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் செக்ரட்டரி ஆனேன். எதை முதலில் செய்வது, யாரிடம் போவது, எவ்வளவு ஆகும் என்று சொல்ல ஆளில்லாமல் ஒன்றரை வருஷம் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கட்டடத்துக்கு இருபது வருஷம் தாண்டிவிட்டதா? இந்த வரிசையில் போங்கள்.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்

இதற்குச் செலவு கிடையாது. ஒரு நோட்டு, டார்ச், செல்போன் கேமரா, ஒரு சின்னச் சுத்தியல் போதும். பார்க்கிங்கில் ஆரம்பித்து மொட்டை மாடி வரை போங்கள். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு எண் கொடுத்துப் படம் எடுங்கள். எண் இல்லாமல் எடுத்த படங்கள் ஒரு மாதம் கழித்து எந்த இடம் என்றே தெரியாது. நான் முதலில் எடுத்த இருநூறு படங்கள் அப்படித்தான் வீணாயின.

பார்க்க வேண்டியவை: தூணிலும் பீமிலும் கம்பி போகும் திசையிலேயே நீளமாக ஓடும் விரிசல், துருக்கறை வழிந்த பழுப்புக் கோடு, சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரியும் இடம், பால்கனியும் சன்ஷேடும் சுவரோடு சேரும் மேல்பக்கம், படிக்கட்டின் அடிப்பாகம், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்கள், சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்று. கன்றை வெட்டினால் மட்டும் போதாது, வேர் உள்ளே இருந்து மறுபடி தளிர்க்கும்.

அப்புறம் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல காங்கிரீட் ‘டண் டண்’ என்று பதில் சொல்லும். உள்ளே பிரிந்து நிற்கும் இடம் ‘தொப் தொப்’ என்று பொக்காகக் கேட்கும். எங்கள் மூன்றாம் எண் தூண் வெளியே பளபளவென்று இருந்தது. தட்டினேன், முழங்கால் உயரம் வரை பொக்கு. சுண்ணாம்புக் கட்டியால் அந்த எல்லையைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தேன். பிறகு வந்த பொறியாளர் முதலில் போய் நின்றது அந்தக் கோட்டின் முன்னால்தான்.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்க, அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். மாதம் ஒரு முறை பார்த்தால் தெரிந்துவிடும்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. தூணிலோ பீமிலோ திடீரெனப் புது விரிசல் வந்து மணிக்கணக்கில் விரிந்துகொண்டே போவது, திறந்து மூடிய கதவு சட்டென்று இறுகுவது, சுவருக்குள் நொறுங்கும் சத்தம் கேட்பது. இதில் எது நடந்தாலும் கூட்டம் போட்டுப் பேச நேரமில்லை. எல்லோரையும் வெளியே கூட்டி வந்துவிட்டு 112-ஐக் கூப்பிடுங்கள், மாநகராட்சிக்கு 1913. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அரசின் வீட்டு வசதி வாரியம் ஒன்றுக்குச் சொந்தமான குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துப் பயந்து மக்கள் முன்பே வெளியேறியதால்தான் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

2. காகிதங்களைத் தேடுங்கள்

பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி, ‘பிளான் இருக்கா சார்?’ என்பது. வேண்டியவை இவை: அனுமதி பெற்ற வரைபடம், கிடைத்தால் கம்பி விவரம் உள்ள கட்டமைப்பு வரைபடம், ஏதாவது ஒரு வீட்டின் கிரயப் பத்திரமும் கட்டுமான ஒப்பந்தமும், அசோசியேஷன் பதிவுச் சான்றிதழ், அசோசியேஷனை நடத்தும் துணை விதிகள் (பைலா), லிஃப்ட் இருந்தால் அதன் உரிமம்.

வரைபடம் பில்டரிடம் இருக்காது, பெரும்பாலும் பில்டரே இருக்க மாட்டார். வீட்டுக்கடன் வாங்கிய பழைய உரிமையாளர்களைக் கேளுங்கள். வங்கிக்குக் கொடுத்த நகல் அவர்கள் கோப்பில் இருக்கும். எங்களுக்கு முதல் மாடி மாமியின் பீரோவில்தான் கிடைத்தது. அங்கும் இல்லையென்றால், அனுமதி யார் கொடுத்தது என்று பார்த்து சிஎம்டிஏவிலோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. ஒன்றைக் கவனியுங்கள்: ஆலந்தூர், அம்பத்தூர் போன்ற நகராட்சிகள் 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. உங்கள் கட்டடம் அதற்கு முந்தையது என்றால், பழைய நகராட்சியின் பெயரையும் அனுமதி எண்ணையும் மனுவில் எழுதுங்கள். வெறும் கதவு எண் கொடுத்தால் ‘ஆவணம் இல்லை’ என்று பதில் வரும். எனக்கு ஒரு முறை அப்படி வந்தது.

கட்டமைப்பு வரைபடம் கிடைக்கவே இல்லையா? சோதனை நிற்காது. உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் கருவி உண்டு. கொஞ்சம் கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

3. சோதிப்பவர் வேறு, பழுது பார்ப்பவர் வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ‘சோதனை இலவசம் சார், வேலையை எங்களுக்குக் கொடுங்கள்’ என்று வாட்டர் ப்ரூஃபிங் ஆட்கள் வருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் விற்கும் பொருள்தான் உங்கள் கட்டடத்துக்கு வந்த நோய்க்கு மருந்து என்று அறிக்கை வரும். எங்களிடம் வந்த மூன்று பேரும் மொட்டை மாடிக்குக் கோட்டிங் அடிக்கச் சொன்னார்கள். மூன்றாம் எண் தூணை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

போக வேண்டியது கட்டமைப்புப் பொறியாளரிடம். சிஎம்டிஏவில் பதிவு செய்த கட்டமைப்புப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெரிய சந்தேகம் இருந்தால், கட்டடங்களைச் சோதிக்கும் வசதியும் அனுபவமும் கொண்ட கிண்டி அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸ், தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்பு ஆராய்ச்சி மையமான எஸ்இஆர்சி ஆகியவற்றில் விசாரிக்கலாம். அங்கே செலவும் காத்திருப்பும் கூடும். பத்துப் பதினைந்து வீட்டுக் கட்டடத்துக்குப் பதிவு பெற்ற பொறியாளரும் ஒரு நல்ல சோதனைக்கூடமும் போதும் என்பது என் கருத்து.

வேலை உத்தரவில் இந்தச் சோதனைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: மேல்தோலின் பலத்தைச் சொல்லும் ரீபவுண்ட் ஹேமர், ஒலி வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக், கம்பியைக் காக்கும் காரத்தன்மை மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் கார்பனேஷன், துருவின் வாய்ப்பைச் சொல்லும் ஹாஃப் செல், தேவைப்பட்ட இடத்தில் கோர் (உருளையாகக் காங்கிரீட் துண்டு) எடுப்பது. எத்தனை தூண், எத்தனை பீம், எத்தனை சிலாப் என்ற எண்ணிக்கையும் வேண்டும். எண்ணிக்கை எழுதாவிட்டால் நான்கு இடத்தில் சுத்தியலை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்களுக்குச் சோதனைக் கட்டணம் 62,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 73,160 ரூபாய். வீட்டுக்கு ஆறாயிரத்துச் சொச்சம். இரண்டு நாள் வேலை, அறிக்கை கைக்கு வர மூன்று வாரம்.

4. அறிக்கையைப் படிப்பது

நாற்பது பக்கம் வரும், பயப்பட வேண்டாம். அல்ட்ராசோனிக் சோதனையில் ஒலி, காங்கிரீட்டுக்குள் எத்தனை வேகத்தில் போகிறது என்று அளக்கிறார்கள். விநாடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது, அதற்குக் கீழே இறங்க இறங்கச் சந்தேகம். ரீபவுண்ட் ஹேமர் மேல்தோலின் பலத்தை மட்டுமே சொல்லும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கார்பனேஷன் சோதனையை நேரில் நின்று பாருங்கள். தூணில் சின்னதாகத் துளைபோட்டு ஒரு திரவத்தைத் தெளிப்பார்கள். காங்கிரீட் ஆரோக்கியமாக இருந்தால் ரோஜா நிறமாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊறிய இடத்தில் நிறமே வராது. எங்கள் மூன்றாம் எண் தூணில் விளிம்பிலிருந்து கம்பி வரைக்கும் நிறமில்லை, கம்பிக்கு அப்பால்தான் ரோஜா. கம்பியைக் காக்கும் காரத்தன்மை போய்விட்டது, இனி ஈரம் பட்டால் துருதான் என்று அதற்கு அர்த்தம். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது வீங்கி உள்ளிருந்தே காங்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. மேலே எத்தனை முறை பூசினாலும் நிற்காததற்கு இதுதான் காரணம். தூண்களில் கம்பிக்கு வெளியே குறைந்தது 40 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. எங்கள் தூணில் சில இடத்தில் 18தான் இருந்தது.

அறிக்கையின் கடைசியில் மூன்று பட்டியல் கேளுங்கள்: உடனே செய்ய வேண்டியது, ஒரு வருஷத்துக்குள் செய்ய வேண்டியது, கண்காணித்தால் போதும் என்பது. ஒவ்வொன்றுக்கும் அளவு, செய்யும் முறை, உத்தேசச் செலவு. இது இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு கொட்டேஷன் வாங்க முடியாது. மீதிப் பணத்தை, இந்தப் பட்டியல் வந்த பிறகு கொடுங்கள்.

பழுது பார்ப்பதே வீண், இடித்துக் கட்டுவதுதான் சரி என்று பொறியாளர் சொன்னால் அது வேறு பாதை. 2022-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். அதற்கு வக்கீல் வேண்டும், இங்கே அதற்குள் போகவில்லை.

5. பணமும் தீர்மானமும்

வேலையைவிட இதுதான் கஷ்டம். எங்களுக்கு இரண்டு மாதம் போனது. முதல் மாடிக்காரர் ‘மொட்டை மாடி ஒழுகினால் எனக்கென்ன’ என்றார். மூன்றாம் மாடிக்காரர் ‘பார்க்கிங் தூணுக்கு நான் ஏன்’ என்றார். கூட்டத்துக்குப் பொறியாளரையே கூப்பிட்டு, பெயர்ந்து வந்த கம்பித் துண்டை மேஜையில் வைத்தோம். பதினாறு மில்லிமீட்டர் கம்பி, கையில் எடுத்தால் துரு ஏடு ஏடாக உதிர்ந்து, உள்ளே பென்சில் கனம்தான் மிச்சம். அதற்குப் பிறகு யாரும் மாடிக் கணக்குப் பேசவில்லை.

செய்ய வேண்டியவை: முறையான நோட்டீஸ் கொடுத்து பொதுக்குழுவைக் கூட்டுங்கள். செலவை எப்படிப் பிரிப்பது என்று துணை விதியைப் பாருங்கள். சில இடத்தில் வீட்டுக்குச் சமம், சில இடத்தில் சதுர அடிக்கணக்கு, சில இடத்தில் யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) கணக்கு. தீர்மானத்தை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஈமெயிலில் சம்மதம் அனுப்பினால் அச்செடுத்து ஒட்டிவையுங்கள். வாட்ஸ்அப் கட்டைவிரலை நம்பாதீர்கள். வாடகைக்கு இருப்பவரிடம் பணம் கேட்காதீர்கள், இது உரிமையாளர் செலவு.

மதிப்பீட்டுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்து வசூலியுங்கள். பூச்சை உடைத்த பிறகுதான் முழுச் சேதமும் தெரியும். எங்கள் மதிப்பீடு 9,60,000. முடிந்தபோது 11,40,000, வீட்டுக்கு 95,000 ஆனது. முதலிலேயே கூடுதலாக வாங்கியிருந்ததால் பாதியில் நிற்கவில்லை.

மேல் வீட்டுப் பாத்ரூம் கசிந்து கீழ் வீட்டு மேற்கூரை ஊறுவது தனி விஷயம். ஒரு வீட்டுக்கு மட்டும் போகும் குழாய் என்றால் அந்த வீட்டுக்காரர் செலவு, எல்லோருக்கும் பொதுவான செங்குத்துக் குழாய் என்றால் அசோசியேஷன் செலவு. பல இடங்களில் இதுதான் வழக்கம். உங்கள் துணை விதியில் இல்லையென்றால் இப்போதே ஒரு தீர்மானமாகப் போட்டுவிடுங்கள்.

6. கொட்டேஷனும் ஒப்பந்தமும்

பொறியாளர் கொடுத்த அதே பட்டியலை மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள். ‘மொத்தமாக இவ்வளவு’ என்ற விலையை ஏற்காதீர்கள். சதுர அடிக்கு, ரன்னிங் அடிக்கு, மூட்டைக்கு என்று பிரித்து வர வேண்டும். ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, சாரம் கட்டும் கூலி யாருடையது, இடிபாடு அள்ளுவது யார் பொறுப்பு, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். இடிபாட்டைத் தெருவோரம் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும், நோட்டீஸ் உங்கள் பெயரில்தான் வரும்.

முன்பணம் 10 சதவீதம் போதும். பிறகு அளந்து பார்த்து, பொறியாளர் கையெழுத்துப் போட்ட பில்லுக்கு மட்டும் பணம். 10 சதவீதத்தைப் பிடித்து வைத்து, ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டிய பிறகு கொடுங்கள். இந்த ஒரு நிபந்தனையால் எங்களுக்கு ஜனவரியில் ஒரு ஒழுகல் இலவசமாகச் சரியானது.

பலருக்கும் தெரியாத ஒன்று: சங்கமாகப் பதிவு செய்த அசோசியேஷன் ஒப்பந்ததாரருக்கு ஒரே பில்லில் 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் டிடிஎஸ் (அவர் பணத்திலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும், தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2. அதற்கு டான் (வரி பிடிப்பவருக்கு வருமான வரித்துறை தரும்) எண் வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

7. வேலை நடக்கும் நாட்கள்

பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்து, ஆனிக்குள் வெளிவேலையை முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியைத் திறந்து போட்டால் மேல் மாடிக்காரர் கதி அதோகதி. ஜனவரியில் கொத்தனார் வர வேண்டும் என்றால் முந்தைய ஆகஸ்டிலேயே சோதனை நடக்க வேண்டும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூணைத் தொடும் முன் முட்டுக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். முட்டு இல்லாமல் சிலாப்பையோ தூணையோ உடைக்க விடாதீர்கள், ‘ஒரு மணி நேர வேலைதான் சார்’ என்றாலும் சரி. முறை இதுதான்: பொக்கான காங்கிரீட்டை முழுக்க எடுப்பது, கம்பியின் பின்பக்கமும் தெரியும்படி திறப்பது, கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்ப்பது, கனம் போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பது, துருத் தடுப்புப் பூச்சு, அப்புறம் பழுதுக்கென்றே வரும் கலவைகளான மைக்ரோ காங்கிரீட்டோ பாலிமர் மார்ட்டரோ போட்டு மூடுவது. கம்பியை மூடும் முன் ஒவ்வொரு தூணையும் எண்ணோடு படம் எடுங்கள். மூடிய பிறகு ஆண்டவன்தான் சாட்சி.

மொட்டை மாடியில் பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு அடுக்குப் போடச் சொல்வார்கள், மலிவாகவும் முடியும். சிலாப்புக்கு அத்தனை எடையும் கூடும். பழையதை எடுத்துவிட்டுப் போடுவதுதான் சரி. முடிந்ததும் தண்ணீர் வெளியேறும் வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்துவிட்டுப் பில் கொடுங்கள்.

பூச்சு, வர்ணம் போன்ற சாதாரணப் பழுதுகளுக்குத் திட்ட அனுமதி தேவைப்படாது. சுவரை இடம் மாற்றுவது, மேலே ஒரு அறை எழுப்புவது, பார்க்கிங்கை மறைத்துக் கடை கட்டுவது என்று போனால் அனுமதி வேண்டும். வேலையோடு வேலையாகச் சிலர் சமையலறைச் சுவரை எடுத்து ஹாலைப் பெரிதாக்கப் பார்ப்பார்கள். ஏசி பெட்டியைச் சன்ஷேட் மேல் ஏற்றுவார்கள். இரண்டையும் தீர்மானம் போட்டுத் தடுத்துவிடுங்கள். எங்கள் சன்ஷேடின் மேல் இரண்டு ஏசி பெட்டிகள் இருந்தன.

8. கரண்ட், லிஃப்ட், தீ

பழைய கட்டடங்களின் வயரிங் ஏசி இல்லாத காலத்துக்குப் போட்டது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து மீட்டர் போர்டு, எர்த் இரண்டையும் சோதியுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இருக்க வேண்டும், அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மீட்டர் போர்டுக்குக் கீழே பழைய பேப்பர் கட்டு, பெயிண்ட் டப்பா வைக்கும் பழக்கம் எங்களிடமும் இருந்தது, நிறுத்திவிட்டோம்.

லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும், அது காலாவதியாகாமல் பாருங்கள். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டுவது வேறு, உரிமம் வேறு. ஏஎம்சிக்காரர் புதுப்பித்துவிடுவார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்டும் சைக்கிளும் வேண்டாம். புகை வந்தால் இருட்டில் அதில் தடுக்கி விழுவோம். மாடிக்கு ஒரு தீயணைப்பான் வைத்து, முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். மொட்டை மாடிக் கதவின் சாவி எல்லா வீட்டிலும் இருக்கட்டும். சிலிண்டர் ரப்பர் குழாய் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

9. சம்ப், தொட்டி, கழிவுநீர்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சம்பும் மேல்தொட்டியும் கழுவ வேண்டும். சம்ப்புக்குள் இறங்கும் முன் மூடியைத் திறந்துவிட்டு நன்றாகக் காற்றாட விடுங்கள், மேலே ஓர் ஆள் நிற்காமல் யாரையும் இறக்காதீர்கள். மழைநீர் சேகரிப்புக் குழியைப் புரட்டாசிக்குள் தூர் வாருங்கள். தூர்ந்து போன குழியால் தண்ணீர் அஸ்திவாரத்தைச் சுற்றித்தான் நிற்கும்.

கழிவுநீர்த் தொட்டியிலோ ஆள்நுழைவுக் குழியிலோ மனிதரை இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அடைத்துக்கொண்டால் 14420 என்ற எண்ணுக்கோ குடிநீர் வாரியத்துக்கோ சொல்லி இயந்திரத்தை வரவழையுங்கள். ‘ஐந்நூறு ரூபாய் கொடுங்க சார், நானே இறங்கறேன்’ என்று யாராவது சொன்னால் ஒரு டம்ளர் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். விஷவாயு உள்ளே போன மறு நிமிஷமே ஆளைச் சாய்த்துவிடும்.

10. ஒரு கோப்பு

சோதனை அறிக்கை, மூடும் முன் எடுத்த படங்கள், பில்கள், உத்தரவாதக் கடிதம், பொறியாளர் விலாசம், வரைபட நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, ஒரு நகலைக் கணினியிலும் ஏற்றிவையுங்கள். செக்ரட்டரி மாறும்போது கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். எங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் பன்னிரண்டு தூண்களின் எண்களும், எது எந்த மாதம் பழுது பார்த்தது என்பதும் இருக்கிறது. மூன்றாம் எண்ணுக்கு எதிரே ‘வருஷா வருஷம் தை மாதம் தட்டிப் பார்க்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.